‘தொழில்’ என்று ஒரு கட்டம்

குணம் அண்ணை பேனையைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

சிட்னி மேய்ஸ் ஹில் கோயில் கன்ரீனில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து சனம் வடைக்கு வரிசையில் நின்றது. மூலையில் கால் ஆடும் ஒரு பிளாஸ்ரிக் மேசை. அதுதான் என் ஞாயிற்றுக்கிழமை அலுவலகம். மேசைமேல் என் முத்திரை, மைப்பெட்டி, ஆடை படர்ந்த ரீ, ஒரு சத்தியக் கடதாசி. பெயர், விலாசம் எல்லாம் அவருடைய மகள் கணினியில் அடித்து அனுப்பியிருந்தாள். அவர் தன் கையால் நிரப்பவேண்டிய கட்டங்கள் இரண்டே இரண்டு. ஒன்று ‘தொழில்’. மற்றது ‘வேலை செய்யும் இடம்’.

“என்ன இஞ்சினியர், இண்டைக்கும் மகளின்ரை பேப்பரோ?” என்று வடைத் தட்டோடு போன ஒருவர் அவருடைய தோளில் தட்டிவிட்டுப் போனார்.

குணம் அண்ணை சிரித்தார். பேனையை மூடினார்.

எனக்கு அன்று வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. யார் மேல் என்று கேட்டால் ஒரு பட்டியலே வைத்திருந்தேன். வடைத் தட்டுக்காரர், பேனையோடு விளையாடும் குணம் அண்ணை, என் மனேஜர் கிரெக், இந்தக் கட்டங்களை எல்லாம் உட்கார்ந்து யோசித்துப் போட்ட ஆட்கள். கடைசியாகச் சொன்ன கூட்டத்தில் நானும் ஒருத்தி.

முத்திரைக்காரி

ஊரில் சமாதான நீதவான் என்றால் வெள்ளை வேட்டி, படலையில் பெயர்ப்பலகை, கொஞ்சம் தொந்தி வைத்த உடம்பு. சிட்னியில் அந்த வேலைக்கு ஜே.பி. என்று பெயர். பெயர்ப்பலகை கிடையாது, சம்பளம் கிடையாது, தொந்தி அவரவர் விருப்பம். யாராவது ஒரு பத்திரத்தின் பிரதியைக் கொண்டுவந்தால் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து ‘உண்மைப் பிரதி’ என்று முத்திரை குத்துவேன். சத்தியக் கடதாசி என்றால் என் கண் முன்னால் கையெழுத்து வைக்கவேண்டும். நான் சாட்சி.

உள்ளே எழுதியிருப்பது மெய்யா பொய்யா என்பது என் பாடு அல்ல. அதை நான் வாசிக்கவேண்டும் என்றுகூட இல்லை. கட்டம் ஒன்றும் வெறுமையாக விடுபடாமல் இருக்கிறதா, கையெழுத்து வைத்த ஆள் அவர்தானா, அவ்வளவுதான்.

ஒருமுறை ஓர் அம்மா மகனுடைய சாதகத்தின் பிரதியைக் கொண்டுவந்து அதிலும் ஒன்று குத்தித் தரச் சொன்னா. பெண் வீட்டார் நம்பவேண்டுமாம். “அம்மா, இது கிரகங்களுக்குச் செல்லாது” என்றேன். “கிரகங்களுக்கு ஏன் பிள்ளை? சம்பந்திக்குச் செல்லும்” என்றா. குத்திக் கொடுத்தேன். பிரதி உண்மையான பிரதிதானே.

குணநாயகம் அண்ணை எனக்குப் பழக்கமானதும் அந்த மேசையில்தான். வன்னியில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பொறியியலாளராக இருந்தவர். குளக்கட்டு, மதகு, வாய்க்கால் என்று பேசத் தொடங்கினால் கேட்டுக்கொண்டிருப்பவரின் வடை ஆறிவிடும். கோயிலில் அவரைக் குணநாயகம் என்று யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. இஞ்சினியர்தான். குசினித் தொட்டியில் தண்ணீர் தேங்கினால், “இஞ்சினியரைக் கூப்பிடு” என்பார்கள். அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்து, கம்பி ஒன்றைக் கேட்டு வாங்கி, அரை மணித்தியாலத்தில் சரிசெய்துவிடுவார்.

“இப்ப எங்கை அண்ணை வேலை?” என்று யாராவது கேட்டால், “சிற்றியிலை” என்பார். அதற்கு மேல் கேட்கமாட்டோம். எங்கள் ஆட்கள் நாகரிகமானவர்கள். வீடு சொந்தமா வாடகையா, மகளுக்கு எத்தனை மார்க்ஸ், மருமகனின் தகப்பன் எந்த ஊர் எல்லாம் கேட்போம். இதை மட்டும் கேட்கமாட்டோம்.

ஒருநாள் காலை பரமற்றா ஸ்டேஷனில் அவரைக் கண்டேன். நான் வேலைக்கு வந்து இறங்குகிற நேரம், அவர் வீட்டுக்குப் போகிற பக்கம் நின்றார். ஸ்வெற்றருக்கு மேலால் இளநீலச் சட்டையின் கொலர் தெரிந்தது. அதில் ஏதோ ஒரு கிளீனிங் கொன்ராக்ற்காரரின் சின்னம். நான் உடனே கைத்தொலைபேசியை எடுத்து, வராத செய்தி ஒன்றை வாசிக்கத் தொடங்கினேன். சிற்றியிலிருந்து வந்து இங்கே ரயில் மாறுகிறார் ஆக்கும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அப்போது அதை மரியாதை என்றுதான் நினைத்தேன்.

ஊதா மனிதர்கள்

நான் வேலை செய்யும் கொம்பனி பரமற்றாவில் இருக்கிறது. கவுன்சில்களுக்கு வடிகால், வெள்ள வாய்க்கால், குழாய் எல்லாம் வடிவமைத்துக் கொடுக்கும் பொறியியல் நிறுவனம். எனக்குப் பொறியியல் தெரியாது. ஆட்சேர்ப்புப் பகுதியில் படிவங்களைக் கட்டி மேய்ப்பவள்.

எங்கள் கொம்பனியின் லட்சணத்தை ஒரு வாளியை வைத்துச் சொல்லலாம். ஊரிலுள்ள தண்ணீர் எப்படி ஓடவேண்டும் என்று எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கும் பொறியியலாளர்கள் ஒன்பதாம் மாடி முழுக்க இருக்கிறார்கள். அவர்களுடைய தலைக்கு மேலே ஓர் ஒழுக்கு. கீழே ஒரு மஞ்சள் வாளி. கட்டடத்தைப் பராமரிக்கும் கட்டடக்காரர்கள் வந்து கூரையைப் பார்த்துவிட்டுப் போவார்கள். மழை பெய்யாத நாளிலும் சொட்டும். எல்லாரும் வாளியைச் சுற்றி நடக்கப் பழகிவிட்டோம்.

ஒருநாள் காலை வாளியின் கைபிடியில் ஒரு கடதாசித் துண்டு கட்டப்பட்டிருந்தது. ஆங்கிலத்தில், வரைபடத் தாளில் எழுதுவதுபோல ஒரே உயரமான பெரிய எழுத்துகள். ‘இது கூரை ஒழுக்கு அல்ல. ஏசித் தண்ணீர் போகும் குழாய்க்குச் சரிவு போதாது. மேலே மூன்றாவது பலகையைக் கழற்றிப் பார்க்கவும்.’ ஏழு என்ற இலக்கத்துக்குக் குறுக்கே கோடு போட்டு ஏதோ அளவும் எழுதியிருந்தது.

கிரெக் அதை வாசித்துச் சிரித்தார். “யார் இந்தப் பகிடிக்காரன்?” என்று கேட்டுவிட்டுக் கசக்கிக் குப்பையில் போட்டார். நானும் வாசித்தேன். எனக்கேன் வம்பு என்று என் இடத்துக்குப் போனேன்.

சரி, கதைக்கு வருகிறேன். பொறியியல் படிக்கிற மாணவர்கள் சிலரை ஒவ்வொரு வருடமும் எடுத்து, படித்துக்கொண்டே வேலை பழகவிடுவோம். படிப்பு முடிந்ததும் பெரும்பாலும் வேலை நிச்சயம். அதில் ஒன்றிரண்டு இடங்களைக் குடியேறி வந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு என்று முன்பு ஒதுக்கியிருந்தோம். கடைசியாக அதில் வந்த பையன் எங்கள் தமிழ்ப் பையன்தான். தகப்பன் இருதய வைத்திய நிபுணர். வீட்டு யன்னலால் பார்த்தால் துறைமுகம் தெரியும். பையன் முதல் நாள் வந்திறங்கிய காரைப் பார்த்துவிட்டு வாசல் காவலாளி அவனை வாடிக்கையாளர் என்று நினைத்து வணக்கம் வைத்தார்.

கிரெக் கூட்டம் கூட்டினார். “எனக்கு ஆள் கறுப்பா வெள்ளையா ஊதாவா என்பது கண்ணில் படுவதே இல்லை. கஷ்டப்படுகிறவனுக்குக் கொடுப்போம். எந்த நாட்டவன் என்று ஏன் பார்க்கவேண்டும்?” என்றார். ஊதா மனிதர்களை இவர் எந்த ஊரில் கண்டார் என்று தெரியாது. நிறத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இவர்களுக்கு ஓர் ஊதா மனிதன் தேவைப்படுகிறான்.

ஆனாலும் நியாயத்தைச் சொல்லவேண்டும். கிரெக் கெட்டவர் இல்லை. நியூகாசில் பக்கத்துச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகன். வறுமை என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்த வறுமை ஒரே ஒரு வகைதான், அதுதான் கரைச்சல்.

புதுப் படிவத்தில் பெயர் இல்லை, நாடு இல்லை, மொழி இல்லை. விண்ணப்பதாரருக்கு ஓர் இலக்கம். பிறகு மூன்று கேள்விகள். எந்தப் புறநகரில் இருக்கிறீர்கள்? பெற்றோர் எவ்வளவு படித்தார்கள்? பெற்றோர் என்ன தொழில்? கஷ்டம் கூடினால் புள்ளி கூடும், படிப்பும் வசதியும் கூடினால் குறையும். அந்தக் கட்டங்களை வரிசைப்படுத்திக் கோடு கீறிக் கொடுத்தது நான். கையுயர்த்தச் சொன்னபோது உயர்த்தினேன். இருதய நிபுணரின் மகன் என் கண்ணுக்குள் நின்றான். அதோடு, குடியேறிகளைப் பற்றிய ஒவ்வொரு கூட்டத்திலும் எல்லாரும் திரும்பி என் முகத்தைப் பார்ப்பதில் எனக்கும் அலுப்புத் தட்டியிருந்தது. இனிமேலாவது பார்க்கமாட்டார்கள் என்று நினைத்தேன்.

முதல் வருடம் பென்ரித் பக்கத்துப் பையன் ஒருவன் வந்தான். தாய் தனியாளாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டி வளர்த்த பிள்ளை. கெட்டிக்காரன், தங்கமான குணம். அவனைக் காணும்போதெல்லாம் நாங்கள் செய்தது சரிதான் என்று எனக்குத் தோன்றும். இப்போதும் தோன்றுகிறது. அதனால்தான் இவ்வளவு எரிச்சல். முழுக்கப் பிழையென்றால் தூக்கி எறிந்துவிட்டு நிம்மதியாகத் தேநீர் குடிக்கலாம்.

என் கையால் எழுதிய சொல்

அடுத்த வருடம் ஒரு ஞாயிறு குணம் அண்ணை நாலாக மடித்த கடதாசி ஒன்றோடு என் மேசைக்கு வந்தார். எங்கள் கொம்பனியின் அதே அறிவித்தல்.

“இதை ஒரு இடத்திலை கண்டனான், தங்கச்சி. தாரணிக்குச் சரிவரும்போலை கிடக்குது.”

தாரணி அவருடைய ஒரே மகள். பல்கலைக்கழகத்தில் குடிசார் பொறியியல் படித்துக்கொண்டிருந்தாள். நல்ல புள்ளிகள், ஆனால் வேலை பழக ஓர் இடம் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தாள். எங்கே எழுதிப் போட்டாலும், யாரையாவது தெரியுமா என்பதுதான் கேள்வி. குணம் அண்ணைக்கு இந்த நாட்டில் எந்தப் பொறியியலாளரையும் தெரியாது.

அறிவித்தலை எங்கே கண்டார் என்று நான் கேட்கவில்லை. கோயில் பலகையில் என்று நினைத்துக்கொண்டேன். அது என் கொம்பனி என்பதையும் சொன்னேன். தெரிவுசெய்வது நான் அல்ல, படிவத்தோடு என் வேலை முடிந்தது என்றும் சொன்னேன். “அது பரவாயில்லை, நீர் எழுதும், என்ரை கண்ணாடி வீட்டிலை” என்றார்.

எழுதினேன். புறநகர்? காசில் ஹில். அங்கே அவர்கள் இருப்பது ஒரு பெரிய வீட்டின் பின்வளவில் நிற்கும் இரண்டறைக் கிரானி பிளாட்டில். அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம் திறம் என்று மகளுக்காக எடுத்தது. மழை பெய்தால் பின்கதவு திறவாது. படிவத்துக்கு அது காசில் ஹில், வசதியான இடம்.

படிப்பு? பொறியியல் பட்டம். சான்றிதழின் பிரதியையும் கொண்டுவந்திருந்தார். படிவம் அதைக் கேட்கவேயில்லை. “இருக்கட்டும், சேர்த்து அனுப்புவம்” என்றார். மூலத்தை பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டு, உறையை ஒரு துவாய்க்குள் சுற்றி வைத்திருந்தார். எத்தனை இடம் பெயர்ந்திருக்கும் அந்தச் சான்றிதழ். நான் ஒப்பிட்டுப் பார்த்து ‘உண்மைப் பிரதி’ என்று குத்தினேன்.

“தொழில் என்னண்ணை போட?”

“போடும்... இஞ்சினியர்.”

என் பேனை நின்றது. ஸ்டேஷனில் கண்ட கொலர் நினைவுக்கு வந்தது. பக்கத்து மேசையில் நாலு பேர் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் என்னைப் பார்க்காமல் அவர்களைப் பார்த்தார்.

‘இஞ்சினியர்’ என்று எழுதினேன். என் கையெழுத்தில், வடிவாக.

வேறு எந்தச் சமூகம் இந்தப் பிழையை விடும்? உதவி கேட்கிற படிவத்தில் குறைத்துக் காட்டுவதுதான் உலக வழக்கம். எங்களுக்கு உதவியும் வேண்டும், அதைக் கொடுக்கிறவன் எங்களைப் பெரிய ஆள் என்று நினைக்கவும் வேண்டும்.

ஏன் என்று கேட்காத படிவம்

தாரணிக்கு இடம் கிடைக்கவில்லை. விண்ணப்பம் நேர்முகத்துக்கே போகவில்லை. கடிதம் கிடைத்த அன்று பின்னேரம் அவள் எனக்கு போன் பண்ணினாள். அழவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

“அன்ரி, ஐ ஆம் நொட் அப்செட் வித் யூ. பட் அப்பா ஒரு கிளீனர். எவ்ரிவன் நோஸ். யூ நோ.”

“எனக்கு...” என்று தொடங்கி நிறுத்தினேன்.

“தெரியும்தானே அன்ரி? பிறகு வை டிட் யூ ரைட் இஞ்சினியர்?”

“கொப்பா சொன்னவர், நான் எழுதினன்.”

“சரி, அப்பா ப்ரவுட். பட் த ஃபோர்ம்! அப்பா படிச்சவர் எண்டு எனக்குப் புள்ளி குறையுது. அவர் படிச்சதைப் பாத்து ஒருத்தரும் அவருக்கு வேலை குடுக்கேல்லை. அங்கை கணக்கெடுக்காத டிகிரியை இங்கை ஏன் கணக்கெடுக்கினம்?”

 என்னிடம் ஒரு கதை இருந்தது, அதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. குணம் அண்ணை இந்த நாட்டுக்கு வந்து ஊரெல்லாம் விண்ணப்பித்துக்கொண்டிருந்த காலத்தில் எல்லா இடத்திலும் ஒரே பதில். உள்ளூர் அனுபவம் இல்லை. அதே காலத்தில் இங்கிலாந்திலிருந்து ஒருவர் வந்து இறங்கிய சூட்டோடு எங்கள் ஒன்பதாம் மாடியில் சேர்ந்தார். அவருடைய கோப்பைத் திறந்தவள் நான். உள்ளூர் அனுபவம் என்ற இடத்தில் ஒன்றுமில்லை. யாரும் கேட்கவுமில்லை. நல்ல மனிதர்தான். பிறந்தநாளுக்குக் கேக் கொண்டுவருவார்.

அடுத்த நாள் கிரெக்கின் அறைக்குப் போனேன். பெயர் சொல்லவில்லை. தகப்பன் பட்டதாரி, ஆனால் துப்புரவு வேலை, அப்படியொரு விண்ணப்பம் இருந்தால் என்ன செய்வது என்று கேட்டேன்.

“தொழில் பிழையாக எழுதப்பட்டிருந்தால் மீளாய்வு கேட்கலாம். சத்தியக் கடதாசி வேண்டும்” என்றார்.

“அவர் ஏன் அந்த வேலை செய்கிறார் என்பதை எங்கே எழுதுவது?”

“ஏன் என்பது எங்களுக்குத் தேவையில்லை, மல்.” அலுவலகத்தில் என் பெயர் மல். மலர்விழி என்ற பெயரில் அவ்வளவுதான் மிஞ்சியது. “ஏன் என்று கேட்கத் தொடங்கினால் எந்த நாடு, எந்த நிறம் என்று திரும்பவும் பழைய இடத்துக்குத்தான் போய் நிற்போம்.”

“காரணமே அதுதான் என்றால்?”

கிரெக் கொஞ்ச நேரம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். “அது கவலையான விஷயம்தான்” என்றார். “ஆனால் அதற்குக் கட்டம் இல்லையே.”

கட்டம் கீறியவள் என்ன சொல்வாள்? திரும்பி வந்தேன். வரும் வழியில் வாளியில் கால் தட்டித் தண்ணீர் சப்பாத்துக்குள் போனது.

அந்த இரண்டு கட்டங்கள்

அப்படித்தான் அந்த ஞாயிறு குணம் அண்ணை சத்தியக் கடதாசியோடு என் முன்னால் இருந்தார். புறநகரை மாற்ற முடியாது, பட்டத்தை மாற்ற முடியாது. தொழில் என்ற ஒரு கட்டம் மாறினால் தாரணி மயிரிழையில் உள்ளே வருவாள். கணக்குப் பார்த்துத்தான் அவரைக் கூப்பிட்டேன். மீளாய்வுக்கு மறுநாள் கடைசி நாள்.

வேறு ஜே.பி. ஒருவரிடம் போகச் சொல்லிப் பார்த்தேன். “லைப்ரரியிலை ஒரு வெள்ளைக்காரர் இருக்கிறார் அண்ணை. அவருக்கு உங்களைத் தெரியாது.”

“தெரியாத ஆளுக்கு முன்னாலை ஏன் தங்கச்சி சொல்லவேணும்? சொல்லுறதெண்டால் தெரிஞ்ச ஆளுக்குத்தான் சொல்லவேணும்.”

இவ்வளவும் பேசுகிறவர் பேனையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தால் ஆருக்குத்தான் பொறுமை இருக்கும்?

“அண்ணை, எழுதுங்கோ. இந்தக் கட்டத்திலை ஒரு சொல்லு. நீங்கள் ஒண்டும் களவெடுக்கேல்லை.”

“களவெடுத்தாலும் ஏன் எடுத்தனி எண்டு கேப்பாங்கள்.” கடதாசியைத் திருப்பி அடுத்த பக்கத்தைப் பார்த்தார். “இதிலை ஏன் எண்டு எழுத இடமில்லையோ?”

“இல்லை.”

“பதினேழு வருசம் திணைக்களத்திலை. ரெண்டு குளம் என்ரை கையாலை கட்டினது. அதுக்கு இடமில்லை.”

“அதுதான் படிப்பு எண்ட கட்டத்திலை இருக்கு. அதாலைதான் பிள்ளைக்குப் புள்ளி குறைஞ்சது.”

சொன்ன பிறகுதான் எவ்வளவு கொடுமையான வசனம் என்று எனக்கு உறைத்தது. அவர் கோபிக்கவில்லை. ஒரு பொறியியலாளர் பிழையான வரைபடம் ஒன்றைப் பார்ப்பதுபோல அந்தக் கடதாசியைப் பார்த்தார்.

“நான் படிச்சிருக்காட்டில் அவளுக்கு வேலை கிடைச்சிருக்கும்” என்றார்.

பிறகு கன்ரீனை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். வடை வரிசை குறைந்திருந்தது. இடது கையால் கடதாசியை மறைத்துக்கொண்டு, பரீட்சை எழுதும் பிள்ளைபோல, குனிந்து எழுதினார். நீண்ட நேரம் எழுதினார். ஒரு சொல்லும் ஒரு விலாசமும்தான். கையெழுத்து வைத்தார். மறைத்த கையை எடுக்கவில்லை.

“நீர் இதை வாசிக்கவேணுமோ?”

“தேவையில்லை அண்ணை. கட்டம் நிரம்பியிருந்தால் காணும்.”

கையை எடுத்தார். நான் முத்திரையை மையில் தொட்டு, குனிந்து, குத்தினேன். குனிந்தால் கண் போகத்தானே செய்யும்.

‘தொழில்’ என்ற கட்டத்தில் கிளீனர் என்று இருந்தது. அது எனக்குத் தெரிந்ததுதான். எழுத்தைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. ஒரே உயரமான பெரிய எழுத்துகள், வரைபடத் தாளில் எழுதுவதுபோல. கீழே விலாசம். தெரு இலக்கத்தில் ஒரு ஏழு, குறுக்கே கோடு போட்ட ஏழு.

அது என் கொம்பனி இருக்கும் கட்டடத்தின் விலாசம்.

அறிவித்தலை எங்கே கண்டார் என்பது அப்போதுதான் விளங்கியது. எங்கள் சமையலறைச் சுவரில், குப்பைத் தொட்டிக்கு மேலே ஒட்டியிருந்தோம். ஸ்டேஷனில் அவர் எங்கிருந்தும் வந்து ரயில் மாறவில்லை. எனக்கு முன்னால் வந்து, நான் வருமுன் போய்விடுகிற மனிதர். எத்தனை வருடமாக? என் மேசையை யார் துடைக்கிறார்கள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

“வாசிச்சனீரோ?” என்றார்.

“இல்லை அண்ணை. நான் பார்க்கேல்லை.”

அந்த மேசையில் எத்தனையோ கடதாசிகளுக்குச் சாட்சி நின்ற நான் சொன்ன பொய் அது. சொல்லி முடிக்குமுன்னமே கிரெக்கின் ஊதா மனிதன் நினைவுக்கு வந்தான்.

யன்னலோரத்து மேசை

மீளாய்வு சரிவந்தது. நேர்முகத்தில் தாரணி நன்றாகச் செய்தாளாம். எடுத்துவிட்டார்கள். கிரெக் என் இடத்துக்கு வந்து, “பார்த்தாயா மல், யாருடைய நிறத்தையும் பார்க்காமலே சரியான ஆளைப் பிடித்துவிட்டது நம் படிவம்” என்றார். அவருக்கு உண்மையான சந்தோஷம். நான் கணினித் திரையைப் பார்த்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். அந்தப் படிவம் பிடித்ததா? ஒரு மனிதர் கோயில் கன்ரீனில் இருந்து தன் பெயரைத் தானே வெட்டி எடுத்துக் கொடுத்த பிறகல்லவா பிடித்தது!

அடுத்த திங்கள் வழக்கத்தைவிட நேரத்தோடு எழும்பி, ஏழரை மணிக்கே வேலைக்குப் போனேன். பின்பக்கம் சாமான் ஏற்றும் லிப்டடியில் நின்றேன். என்ன சொல்வதென்று ரயிலில் யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோயிற்று. துப்புரவுத் திரவத்தின் எலுமிச்சை வாசம்தான் முதலில் வந்தது, பிறகு வண்டிலின் சில்லுச் சத்தம், பிறகு இளநீலச் சட்டையோடு குணம் அண்ணை.

என்னைக் கண்டு நின்றார். ஒளிக்க இடமிருக்கவில்லை, அவருக்கும் எனக்கும்.

“வாசிச்சனீர்தானே?”

“ஓம் அண்ணை. வாசிச்சனான்.”

தலையை ஆட்டினார். வண்டிலில் தொங்கிய துணியை எடுத்து மடித்தார். அது ஏற்கெனவே மடித்துத்தான் இருந்தது.

“பிள்ளைக்கு எந்த மாடி?”

“ஒன்பது.”

“வாளிக்குப் பக்கத்திலை ஒரு மேசை வெறுமையாக் கிடக்குது. புது ஆளுக்கு அதைத்தான் குடுப்பினம். வேண்டாமெண்டு சொல்லும். யன்னலோரத்திலை கடைசி மேசை நல்லம். வெளிச்சம் இடப்பக்கத்தாலை வரும், படம் கீற வசதி.”

“சொல்லுறன் அண்ணை.”

“அந்த ஒழுக்கு கூரையாலை இல்லை, தங்கச்சி.”

“தெரியும். குழாய்க்குச் சரிவு காணாது.”

அவர் முகம் மாறியது. இத்தனை வருடப் பழக்கத்தில் அவ்வளவு வெளிச்சமாக அந்த முகத்தை நான் கண்டதில்லை. “அப்ப அந்தத் துண்டை ஆரோ வாசிச்சிருக்கினம்” என்றார்.

“நான் வாசிச்சனான்.”

“வாசிச்சுப்போட்டு?”

குத்திக் காட்டக் கேட்கவில்லை. மேலே பலகையைக் கழற்றிப் பார்த்தார்களா, அளவு சரியாக இருந்ததா என்று அறியும் ஆசையில், ஒரு பொறியியலாளர் இன்னொரு வேலைத்தலத்து ஆளிடம் கேட்பதுபோலக் கேட்டார்.  கிரெக் அதைக் கசக்கிப் போட்டதையும் நான் என் இடத்துக்குப் போனதையும் எப்படிச் சொல்வது? அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். அவர் முகத்து வெளிச்சம் மெல்ல இறங்கிப் போனதையும் பார்த்துக்கொண்டு நின்றேன். லிப்டின் கதவு திறந்தது. வண்டிலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

தாரணி இப்போது யன்னலோரத்துக் கடைசி மேசையில் இருக்கிறாள். லிப்டடியில் அவரைக் கண்ட அன்றைக்கே ஒழுக்கைப் பற்றிக் கட்டடக்காரருக்கு எழுதினேன். பிறகும் இரண்டு தரம் எழுதினேன். யார் கண்டுபிடித்தது, அவர் தகுதியான ஆளா என்று கேட்டுப் பதில் வந்தது. தகுதியான ஆள் என்று எழுதி, குணம் அண்ணையின் பட்டச் சான்றிதழின் பிரதி ஒன்றையும் முத்திரையோடு சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.

வாளி இன்னும் அங்கேதான் இருக்கிறது.